அரை மாத்திரை

வாஷிங்டன்,
14 ஜூன் 1982

அன்புள்ள காஸ்மிர் அண்ணனுக்கு,

உன் உடம்பும் ஐரீன் அண்ணி உடம்பும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நீ வேலை பார்த்த ஆலை திரும்பத் திறக்கும் என்று இங்கே யாரும் சொல்வதாயில்லை. உன்னிடம் பொய் சொல்ல மனமில்லை.

கட்சி அலுவலகத்தில் என் தலையில் ஒரு வேலையைக் கட்டியிருக்கிறார்கள். அதிபருக்குப் பாதிக் காலம் முடிகிறது, நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். எதிர்க்கட்சியாகிய நாம் எதைச் சொல்லி வாக்குக் கேட்பது? அந்த வாசகத்தை நான் எழுத வேண்டும். மேலிடத்துக்குப் பிடித்திருப்பது இது: "இதற்காகவா அவருக்கு வாக்களித்தீர்கள்?" எனக்கும் காரமாக, நன்றாகத்தான் படுகிறது. இருபது வருடமாகக் கட்சிக்கு வாக்குக் கேட்டு வீடு வீடாகக் கதவு தட்டுகிறவன் நீ. உங்கள் ஒஹாயோவில் எடுபடுமா? என் மனசு நோகுமே என்று பார்க்காமல் எழுது.

உன் தங்கை,
வாண்டா


மில்டன் கிரீக்,
23 ஜூன் 1982

அன்புத் தங்கை வாண்டாவுக்கு,

எடுபடாது. குப்பையில் போடு.

நீ கேட்டாயே என்று எதிர்வீட்டு லியோவிடம் சொல்லிப் பார்த்தேன். முப்பது வருடம் நம் கட்சிக்காரன், போன தடவைதான் அந்தப் பக்கம் போனான். அவன் கேட்டான்: "ஏண்டா, நான் முட்டாள்னு சொல்லத்தான் படியேறி வந்தியா?" கதவைச் சாத்திவிட்டான். இந்தத் தெருவில் பாதிப் பேர் அதிபருக்கு ஓட்டுப் போட்டவர்கள், வாண்டா. அவரைத் திட்டினால் இவர்களுக்குத்தான் வலிக்கும். உங்கள் மேலிடத்துக்கு இதுகூடவா தெரியாது?

வீட்டுக்குள் நடப்பது உங்களுக்குத் தெரியும் என்று காட்டுங்கள். பிறகு, ஜெயித்தால் செய்யப்போகிற காரியம் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். பத்து சொன்னால் ஒன்றையும் நம்ப மாட்டான்.

வீட்டுக்குள் என்றால் என்ன என்று கேட்பாய். சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிற்றல்லவா? மார்ச்சிலிருந்து உன் அண்ணி ரத்த அழுத்த மாத்திரையை ரொட்டிக் கத்தியால் பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் தையல் விரலுறைக்குள் ஒளித்து வைக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறேன். என்ன ஆம்பளை நான், சொல்லு.

போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, அவள் காதில் விழும். அதனால்தான் கடிதம். நீயும் தொழிற்சங்கக் கூடத்து முகவரிக்கே எழுது.

காஸ்மிர்


வாஷிங்டன்,
2 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. பேர் ஊர் சொல்லாமல், அண்ணியின் மாத்திரை பற்றி நீ எழுதிய அந்த நாலு வரியைக் கூட்டத்தில் படித்தேன். வேலை இழந்த பன்னிரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, எங்கள் வாசகங்களைச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். நாங்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருப்போம். "இதற்காகவா" என்றபோது நெளிந்தார்கள். மாத்திரை என்றதும் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நீ சொன்னபடியே ஒரே வாக்குறுதி வைத்திருக்கிறேன்: வேலை போனாலும் ஒரு வருடம் காப்பீடு தொடரும். ஆனால் அதற்கு முன்னால் அந்த நாலு வரி வேண்டும், அண்ணா. அனுமதி கொடு. இருபது தொகுதி இதில் தொங்குகிறது.

வாண்டா


மில்டன் கிரீக்,
9 ஆகஸ்ட் 1982

வாண்டா,

முடியாது.

ஊர் தெரிந்துகொள்வது பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருக்கிறான் என்று தெரிந்தால் முப்பத்தோரு வருடக் குடித்தனம் என்ன ஆகும்? வேறு வீட்டைப் பிடி. நாடு பூராவும் இருக்கிறதே.

காஸ்மிர்


வாஷிங்டன்,
17 செப்டம்பர் 1982

அன்புள்ள அண்ணா,

கோபிக்காமல் கடைசிவரை படி. வேறு வீடு தேடினேன். அச்சுக்குக் கெடு வந்துவிட்டது, ஒன்றும் அதுபோல அமையவில்லை. உன் வரிகளைத்தான் போட்டிருக்கிறோம். பேர் கிடையாது. ஊரைப் பென்சில்வேனியா என்று மாற்றிவிட்டேன், ஒஹாயோ என்ற பேச்சே இல்லை. யாருக்கும் சந்தேகம் வராது. துண்டுப் பிரசுரம் இம்மாதக் கடைசியில் எல்லாத் தொகுதிக்கும் போகிறது.

நீ எனக்காக இதைப் பொறுத்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன்.

வாண்டா


வாஷிங்டன்,
18 அக்டோபர் 1982

அண்ணா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொல்கிறார். குரலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளட்டுமா? திட்டியாவது எழுது.

வாண்டா


மில்டன் கிரீக்,
4 நவம்பர் 1982

வாண்டாவுக்கு,

தேர்தல் முடியட்டும் என்று இருந்தேன். அதற்குமுன் எழுத உட்கார்ந்திருந்தால் ஆத்திரத்தில் பிரசுரத்தையே கொளுத்தியிருப்பேன், கட்சி தோற்றிருக்கும்.

பேரை எடுத்தாய், ஊரை மாற்றினாய். ரொட்டிக் கத்தியையும் விரலுறையையும் அப்படியே விட்டாயே அம்மா! கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, அது யாரோ ஒருத்தியின் கத்தி என்பதே உனக்கு மறந்துவிட்டது.

எங்கள் சங்கக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை பெண்கள்தான் பிரசுரம் மடிப்பார்கள். நீ இந்த ஊரில் வளர்ந்தவள், நம் அம்மாவும் மடித்தவள். அதை ஒரு நிமிஷம் நினைத்தாயா? அக்டோபர் ஐந்தாம் தேதி கட்டு வந்தது. ஐரீன் முதல் தாளைப் படித்தாள். மடித்தாள். நானூறு தாள் மடித்தாள். நான் காப்பிப் பாத்திரத்துப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

லியோவின் பெண்டாட்டிதான் ஆரம்பித்தாள், இதெல்லாம் வாஷிங்டனில் உட்கார்ந்து ஜோடிக்கிற கதை என்று. நாலு பேர் ஆமாம் போட்டார்கள். ஐரீன் மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "கதையில்ல. அது நான்தான்." கொஞ்ச நேரம் கழித்து இன்னும் மூன்று பெண்கள் தாங்களும் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார்கள். அவர்கள் புருஷன்மாரும் அங்கேதான் இருந்தார்கள். யாரும் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"மார்ச்சு."

"ஏழு மாசம். தங்கச்சிக்கு எழுத முடிஞ்சுது. எதிர்ல உக்காந்திருக்கிற எங்கிட்ட கேக்க வாய் வரல."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் என் படகை விற்று மருந்து வாங்கினேன். இப்போது முழு மாத்திரையை என் கண் முன்னால் வாயில் போடுகிறாள். போட்டுவிட்டு, நான் பார்த்தேனா என்று பார்க்கிறாள். ஒரு நாளும் தவறுவதில்லை.

நம் ஆள் ஜெயித்துவிட்டான். லியோகூட நமக்குத்தான் போட்டானாம். அந்த நாலு வரிதான் தொகுதியைத் தூக்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ கெட்டிக்காரி. அந்தக் காப்பீட்டுச் சட்டத்தையாவது கொண்டுவந்து தொலையுங்கள். இல்லாவிட்டால் என்னிடம் அடுத்த தேர்தலுக்குக் கதவு தட்டச் சொல்லாதே.

உன்மேல் அவளுக்குக் கோபமில்லை. நீ சொன்னதால்தான் வீட்டில் பேச்சு வந்ததாம். ஐரீன் உன்னை ரொம்ப விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

நான் விசாரிக்கவில்லை.

காஸ்மிர்