பென்சிலில் எழுதிய பெயர்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் உன் முழங்கால் நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுத எனக்கே வேடிக்கையாக இருக்கிறது, அதனால் முழங்கால் நீங்கலாக மற்ற உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். வெயில் இந்த வருஷம் மண்டையைப் பிளக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஐந்து. இந்த நேரத்தில் நான் எங்கே இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், நீதானே என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாய். ஆனால் நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலில் ஷூ போட்டு லேஸும் கட்டியாகிவிட்டது, கழுத்தில் உன் விசில், மேஜைமேல் பூங்கா சாமான் அறையின் சாவி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நானும் ஒன்றுமில்லை என்று மழுப்பிவிடுவேன்.

பதினைந்து நாளைக்கு முன்னால் நீ போன் செய்து, ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள், ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாதாம், அம்மா, நீ வந்து கூட இருக்க முடியுமா என்று கேட்டாய். நீ வாயைத் திறந்து எதையும் கேட்கிற பெண் இல்லை. பள்ளிக்கூடத்தில் காய்ச்சலோடு பரீட்சை எழுதிவிட்டு வந்து சாயங்காலம்தான் சொன்னவள். அப்படிப்பட்டவள் கேட்டதற்கு நான் என்ன சொன்னேன், பார்க்கலாம் என்றேன். அப்பாவுக்குக் காது ஆபரேஷனுக்குப் பிறகு விமானம் கூடாது, வந்தால் நான் ஒருத்திதான் வர முடியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அப்புறமும் பார்க்கலாம் என்றேன். நீ, "பரவாயில்லம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த 'நான் பாத்துக்கறேன்' என்னுடைய வார்த்தை, கண்ணு. அதை வைத்துக்கொண்டு நான் இந்தக் கோடை முழுக்க என்ன செய்தேன் என்று கேட்டால் உனக்கே புரியும்.

வெளியூர் வேலைக்குப் போகும்போது ரெண்டே மாசம்மா, வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி இந்த ஓட்டக் குழுவை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். இது மூன்றாவது கோடை. வழக்கம்போல பன்னிரண்டு ஞாயிறு, வெயில் ஏற ஏற ஓட்டம் தொடங்கும் நேரம் முன்னால் போகும், கடைசி ஞாயிறு பத்து கிலோமீட்டர். வாரத்துக்கு ஐந்து வேலை. சாமான் அறையைத் திறந்து, பாதையைக் குறிக்கும் பிளாஸ்டிக் கோன்களை அடுக்க ஒருவர், உடம்பைச் சூடாக்கும் பயிற்சிக்கு ஒருவர், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று கைகாட்ட ஒருவர், தண்ணீர் மேஜைக்கு ஒருவர், எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆளோடு வர ஒருவர். நீ போட்டுக்கொடுத்த அதே பட்டியலைத்தான் கட்டம் போட்டு அறைக்கதவின் உள்பக்கம் ஒட்டினேன். முதல் மூன்று வாரத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு பெயர் எழுதினார்கள். நான்காம் வாரத்திலிருந்து பட்டியல் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. நான் வேலை பார்க்கிற இடம் உனக்குத் தெரியும். பல் டாக்டரிடம் பதினெட்டு வருஷமாக நேரக் குறிப்பேடு எழுதுகிறவள் நான், ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துப் பார்த்து எனக்கே காலிக் கட்டம் ஆகாமல் போய்விட்டது. அன்றைக்கு இரண்டு பேர் புதிதாகச் சேர வந்திருந்தார்கள், அதில் ஒரு பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஆளே இல்லாத குழு போலிருக்கே என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. மானம் போய்விட்டது. எல்லோரும் ஓடப் போன பிறகு பென்சிலை எடுத்து, கணக்கு டீச்சர், ரொட்டிக்கடைக்காரர், எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிற நம் ஸ்டாப்வாட்ச், லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்று கைக்கு வந்த பெயரையெல்லாம் பன்னிரண்டாம் வாரம் வரைக்கும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

மறுவாரம் ஒவ்வொருவராக வந்தார்கள். தனித்தனியாக வந்ததுதான் வினை. அன்னிக்கு எனக்கு முடியாதே அக்கா என்று டீச்சர் தலையைச் சொறிந்தார். நான் சிரித்துக்கொண்டே, சும்மா பேர் இருக்கட்டும், நீங்க ஓடுங்க, நான் பாத்துக்கறேன் என்றேன். ஸ்டாப்வாட்சுக்கும் அதேதான், ரொட்டிக்கடைக்காரருக்கும் அதேதான். தன்னை ஒருத்தரைத்தான் இந்த அம்மா வேலையிலிருந்து விட்டார், மற்றவர்கள் எல்லோரும் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். உன் பழைய சைக்கிளை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன். கோன் அடுக்கி, கையைக் காலை ஆட்டச் சொல்லிக்கொடுத்து, விசிலை ஊதிவிட்டுக் குறுக்குச் சந்தில் சைக்கிளை மிதித்துப் பாதை பிரிகிற இடத்தில் போய் நிற்பேன், முக்கால்வாசிப் பேர் தாண்டியதும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கமாகத் தண்ணீர் மேஜைக்கு, அங்கிருந்து திரும்பி வந்து, எப்போதும் கடைசியாக வருகிற லிஃப்ட்காரரைப் பிடித்துக்கொண்டு நடை. என்னை ஒவ்வொரு இடத்திலும் பார்த்தவர்கள் மேற்பார்வைக்கு வந்திருக்கிறேன் என்று எண்ணினார்களாம். ஒரே நாடகத்தில் ராஜா வேஷமும் நான்தான், குதிரையும் நான்தான். அப்பா கூட, ஊர் பூரா ஓடறதுக்கு வழி காட்டற, உனக்கு வெளியே வர வழி தெரியலையே என்று கேட்டார். நான் பாத்திரத்தை ஓசையோடு வைத்தேன்.

நீ போன் செய்த மறுநாள் ஞாயிறு. ஓட்டம் முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, மகளுக்கு ஆபரேஷன், நான் ஊருக்குப் போகவேண்டி வரும் போல என்றேன். அடடா, தாராளமா போயிட்டு வாங்க, பட்டியல்லதான் இத்தனை பேர் இருக்கோமே என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஸ்டாப்வாட்ச் கைகூடத் தட்டினார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. போ போ என்று கதவை அகலமாகத் திறந்து வைக்கிறார்கள், என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை. கோன் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது, தண்ணீர் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்க் குடிப்பார்கள். ஆனால் பாதை பிரிகிற இடம் உனக்கு நினைவிருக்கிறதா, இடதுபக்கம் தவறிப் போனால் நேராக லாரி போகிற பெருஞ்சாலை. ஆள் நிற்பதாக நம்பி, தலையைக் குனிந்துகொண்டு முப்பது பேர் ஓடி வருவார்கள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை, சொல்லாமல் புறப்படவும் கால் வரவில்லை. கிளினிக்கில் ஆள் இல்லாத நேரத்தில் கணினியில் விமான டிக்கெட்டைத் திறந்து பார்ப்பேன், உன் ஊர்ப் பெயரை அடிப்பேன், மூடிவிடுவேன். தினமும் இதே வேலை. நானே கட்டிய கூண்டு, அதுவும் பென்சிலால் கட்டியது.

போன ஞாயிறு பொறுக்க முடியவில்லை. ஓட்டம் தொடங்கும் முன்னாலேயே எல்லோரையும் சாமான் அறை வாசலுக்குக் கூப்பிட்டு, பட்டியலைக் கிழித்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். "இந்தப் பேரெல்லாம் நான் எழுதினது. வேலையெல்லாம் நான் ஒருத்தியே செஞ்சது. அடுத்த வாரத்துலேருந்து நான் வரமாட்டேன், என் பொண்ணுகிட்ட போறேன்" என்றேன். யாராவது ஐயோ பாவம் என்பார்கள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். யாரும் சொல்லவில்லை. கணக்கு டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க பேரை வெச்சு பொய் சொல்லியிருக்கீங்க அக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருந்தால் செய்திருப்பீர்களா என்று திருப்பிக் கேட்க நாக்கு வரை வந்தது. ஆனால் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. வெள்ளைத் தாளில் புதிதாகக் கட்டம் போட்டுக் கதவில் ஒட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஓடிவிட்டு வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், பென்சிலைத் தொடாமல் வீட்டுக்குப் போனார்கள். லிஃப்ட்காரர் மட்டும் வழக்கம்போல எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். தினமும் மேலும் கீழுமாகவே போய்ப் பழகிய மனிதர், சமதரையில் வேகம் வராது என்று அவரை எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் பென்சிலைத் தொடவில்லை. நான் பூட்டிவிட்டு வந்துவிட்டேன், சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அது மறதியா, இல்லை வேண்டுமென்றே செய்ததா என்று என்னைக் கேட்காதே. வாரம் முழுக்க ஒரு போன் இல்லை. இன்றைக்கு நாலு மணிக்கே முழிப்பு வந்து, வரமாட்டேன் என்று சொன்னவள் ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினேன், இன்னொரு தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன், அப்புறம்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். பாதை பிரிகிற இடம் கண்ணிலேயே நிற்கிறது. இன்னும் பத்து நிமிடம் பார்ப்பேன், பிறகு போய்விடுவேன் என்றுதான் தோன்றுகிறது. போனால் இந்தக் கோடை முழுக்கப் போவேன், உனக்கு மறுபடியும் பார்க்கலாம் என்பேன். யாரோ கதவைத் தட்டுகிறார்கள், இரு.

வந்தது லிஃப்ட்காரர். வேர்த்து விறுவிறுத்து நின்றார், பூங்காவிலிருந்து ஓடியே வந்தாராம், என் கண்ணால் பார்த்திருந்தால்தான் நம்புவேன். "சாவி குடுங்க" என்றார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன், ஒரு பத்துப் பேர் வாசலில் நிற்கிறார்கள் என்றார். பாதை பிரிகிற இடத்துக்கு யார் என்று கேட்டேன். தானே நிற்கப் போவதாகச் சொன்னார். அப்படியானால் உங்கள் ஓட்டம் என்ன ஆவது என்றேன். "நாலு வாரமா என்கூட நடந்து வந்தீங்க, உங்களாலதான், முடியலைன்னு ஒரு நாளும் நான் பாதியில நிறுத்தல. இன்னிக்கு ஓடாட்டி என்ன. நான் ஓடலேன்னா கடைசியா வர்றவங்க வேற யாரோ, அவங்களை டீச்சர் கூட்டிட்டு வருவாங்க. கோபமாத்தான் இருக்காங்க, ஆனா வந்திருக்காங்க." அந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. நானும் வரட்டுமா என்று கேட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டேன். வேண்டாம் என்றார். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. அதைக் கேட்க எத்தனை நாளாகக் காத்திருந்தேன், கேட்டதும் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் சாவியைத்தான் கேட்டார். நான் கழுத்திலிருந்து விசிலையும் கழற்றி அவர் கையில் வைத்தேன். கயிறு தலைமுடியில் சிக்கிக்கொண்டது, அவர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது பாதை பிரிகிற இடத்துப் பக்கமிருந்து விசில் சத்தம் கேட்டது. எட்டு நிமிடம் தாமதம். நான் இரண்டு தரம் சுருக்கமாக ஊதுவேன், இவர் பஸ் கண்டக்டர் மாதிரி நீளமாக இழுக்கிறார். பட்டியலில் இன்றைக்கு இரண்டு பெயர்தான் இருக்குமாம், தண்ணீர் மேஜையில் ஆள் இல்லை, அடுத்த வாரம் எப்படி என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத மாட்டேன். மனசு பாதி அந்தச் சந்தில்தான் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவை எழுப்பி டிக்கெட் போடச் சொல்லப் போகிறேன், ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னதாக வந்துவிடுவேன். தேதியை மட்டும் போனில் சொல்வேன், மற்றதை நீ இதில் படித்துக்கொள், படித்துவிட்டு என்னைக் கேலி செய்யாதே.

நான் வருவதற்குள் சிலது செய்து வை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேள். வழுக்குகிற விரிப்பையெல்லாம் சுருட்டி வை. உன் வாசற்கதவுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து வை, அவளுக்கு நீ தொந்தரவு என்று நீயே முடிவு செய்துகொள்ளாதே, கேட்டுப் பார். இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை இந்தக் கோடையில் எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், என்னிடம் மட்டுமாவது இனிமேல் நான் பாத்துக்கறேன் என்று சொல்லாதே. அதைச் சொல்கிறவர்கள் எவ்வளவு பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு அத்துப்படி. அன்றைக்கு நீ அப்படிச் சொன்னதும், நீ தனியாக ஒற்றைக் காலில் அடுப்படிக்கு நொண்டிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் போனை வைக்க விட்டேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

கால் தேறி நீ மறுபடியும் ஓட வேண்டும், என்னைத் தாண்டி வெகுதூரம் ஓட வேண்டும். நீண்ட ஆயுளும் குறையாத பலமுமாக இரு. அப்பாவின் ஆசியும் இதிலேயே அடக்கம், அவர் இன்னும் குறட்டை விடுகிறார்.

என்றும் உன்,
அம்மா

பி.கு.: டிக்கெட் போட்டாகிவிட்டது. ஷூவையும் கழற்றிவிட்டேன்.