பருத்த கூடுகள்

20-11-2005, ஞாயிறு

மழை விட்டது. வீட்டுக்குப் பின்னால் பச்சமுத்துவின் உப்பள வரப்பில், உமரிச்செடியைத் தின்னும் அந்தக் கம்பளிப்புழு கூடு கட்டத் தொடங்கிவிட்டது. மஞ்சள் குஞ்சம், சிவப்புத் தலை. என்னிடம் உள்ள எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்த மரக்காணத்தில் வருஷக்கணக்காக விலங்கியல் நடத்துகிறேன், என் கொல்லையில் ஊர்வதற்குப் பெயர் தெரியவில்லை. வெட்கக்கேடு.

கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் நல்ல பருத்த கூடுகளாகப் பார்த்துப் பறித்து வந்தேன். சின்னதாகச் சூம்பிக் கிடந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். அந்துப்பூச்சி வெளியே வரட்டும். பெயரைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

2-12-2005

வந்துவிட்டது! ஆனால் — சிறகே இல்லை. குண்டு உடம்பு, தோளில் இரண்டு துணுக்கு, அவ்வளவுதான். கூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஈரம் போதவில்லையோ? பஞ்சை நனைத்து வைத்திருக்கிறேன்.

11-12-2005

நான்காவதும் நொண்டி.

சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் அந்துப்பூச்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ரேணுகா மேடத்துக்குப் போன் போட்டேன். "சிறகு இல்லாம நான் எதப் பார்த்துப் பேர் சொல்றது? வளர்க்கறதுல ஏதோ கோளாறு. முழுசா ஒண்ணு கொண்டாங்க" என்றார். கோளாறாம். எரிச்சலில் நான்கையும் கொல்லையில் கொட்டினேன்.

1-1-2006

பச்சமுத்து வரப்பைச் செதுக்கப் போகிறாராம். "பொங்கல் முடிஞ்சதும் பாத்தி மிதிக்கணுங்க டீச்சர். செடிய வச்சிக்கினு உப்பு வார முடியுமா?" அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் செடி போனால் இந்த வருஷம் பூச்சியும் போச்சு, பெயரும் போச்சு. மறுபடி பறித்து வந்ததிலும் நொண்டிகளே வந்தன; இன்னும் இரண்டு கூடுதான் பாக்கி. இரண்டும் நல்ல பருமன். சிறகோடு வருமா?

8-1-2006, ஞாயிறு

எழுதவே கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

காலையில் ஒன்று வெளிவந்தது. இதற்கும் சிறகில்லை. என் வீட்டுக்காரர் அசோகன், "காபி போடற இடத்துல இந்தக் கண்றாவியா?" என்று டப்பாவைத் தூக்கிப் பின்ஜன்னலில் வைத்துவிட்டார். சண்டை போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிடுகிறார்: "ஏய், இங்க வந்து பாரேன்."

டப்பாவின் வலைமூடி மேல் சின்னச் சின்னப் பழுப்புப் பூச்சிகள். முழுச் சிறகோடு! உள்ளே போக வழி தேடி மோதுகின்றன. சீப்புப் பல் மாதிரி உணர்கொம்பு — ஆண்கள். உள்ளே இருப்பவளின் வாசம் பிடித்து உப்பளத்திலிருந்து வந்திருக்கிறார்கள்.

அட மக்கு. நான் வளர்த்தது அத்தனையும் பெண். இந்த இனத்தில் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. அவளுக்கு உடம்பு பெரிசு, அதனால் கூடும் பெரிசு. சூம்பல் என்று நான் சீந்தாமல் விட்ட கூடுகளுக்குள்தான் ஆண்கள் இருந்திருக்கிறார்கள்.

ஓடிப்போய்ச் சின்னக் கூடுகளாகப் பார்த்துப் பறித்தேன். பச்சமுத்துவுக்குச் சிரிப்பு. "இன்னா டீச்சர், இன்னிக்கி சொத்தையா பொறுக்கறீங்க?"

17-1-2006

சின்னக் கூடுகளிலிருந்து ஆண்கள் வந்துவிட்டார்கள். சந்தேகமே இல்லை. வரப்பைச் செதுக்கிவிட்டார்கள்; நான் அதற்குள் கொஞ்சம் உமரியை வேரோடு பிடுங்கித் தொட்டியில் நட்டுவிட்டேன்.

28-1-2006, சனி

சென்னை. ஆணும் பெண்ணுமாக இரண்டைக் கொண்டுபோனேன். ரேணுகா மேடம் ஆணை மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு பழைய பெட்டி ஒன்றை இழுத்தார். உள்ளே நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரே ஓர் ஆண், பெயர்ச்சீட்டோடு. அதேதான். அப்போ புது இனம் இல்லை. என் முகம் சுண்டிப்போயிருக்க வேண்டும்.

"முழுசா கேளுங்க. இதோட பெண்ண இதுவரைக்கும் யாருமே பார்த்து எழுதினதில்ல. நீங்கதான் எழுதணும்" என்றார். அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். ஊசியை என்னிடமே கொடுத்தார். ஆணுக்குப் பக்கத்தில் இத்தனை காலம் காலியாகக் கிடந்த இடத்தில் அவளைக் குத்தி வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அசோகனுக்குப் போன் செய்தேன். ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"கல்யாணச் சாப்பாடு எங்க?" என்கிறார்.