யூமாவுக்காகச் செய்த ஜெபம்

முருகன்குறிச்சி,
பாளையங்கோட்டை.

அன்பு மகள் ஸ்வீட்லினுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை நான் கேட்கப் போவதில்லை. கிளாஸ்கோவில் உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒரு குடும்பம் கிடைத்துவிட்டதே.

கிறிஸ்மஸுக்கு வரமாட்டேன், கூடத் தங்கியிருக்கிற மூன்று பேரோடுதான் பண்டிகை, இப்போது அவர்கள்தான் என் குடும்பம் என்று போனில் சொன்னாய். பெற்ற வயிறு பற்றி எரிந்தது. நான் ஏசினேன், நீ போனை வைத்தாய். அதோடு விட்டாயா, இதைப் படித்தால் உங்களுக்கே புரியும் அம்மா என்று ஒரு சீட்டு எழுதி ஆகாயக் கப்பல் கதையாக ஓர் இங்கிலீஷ் நாவலைத் தபாலில் அனுப்பினாய். அன்றிலிருந்து நான் அனுப்பிய வாட்ஸ்அப் ஒன்றையும் திறக்கவில்லை. நீலக் கோடு விழுந்ததா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்த்தான் இப்போது காகிதத்தில் எழுதுகிறேன்.

அந்தப் புத்தகத்தைக் குற்றம் கண்டுபிடிக்கத்தான் திறந்தேன். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவளுக்கு அது ஒரு வேலையா. ஓர் ஓட்டைக் கப்பல், அதில் ஒட்டுமில்லாத உறவுமில்லாத ஐந்து பேர், சண்டை போடுகிறார்கள், ஒரே சட்டியில் ஆக்கித் தின்கிறார்கள், உடனே குடும்பமாம். சேர்ந்து உட்கார்ந்து தின்றால் குடும்பம் என்றால், நம் சபை அசனத்தில் ஊரே ஒரு பந்தியில் ஆட்டுக்கறிச் சோறு சாப்பிடுகிறது, அத்தனை பேரையும் நானா பெற்றேன்? இதில் எனக்கு ஆத்திரம் என்னவென்றால், புத்தகம் நன்றாக இருந்து தொலைக்கிறது. கப்பலில் இயந்திரம் பார்க்கிற அந்த யூமா, யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், ஆனால் எல்லாரும் தூங்கின பிறகு அவர்களுடைய கிழிந்த செருப்பைத் தைத்து வைப்பாளே, அவள் என் மனசில் ஒட்டிக்கொண்டாள். அவளைப் படித்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் நெத்திலி கருகிவிட்டது. உன் அப்பா வந்து, ஏளா, தெரு முக்கு வரைக்கும் தீயுத வாட வருது, நீ எந்த லோகத்துல இருக்க என்று சத்தம் போட்டார்.

இனி நடந்ததைக் கேள், எல்லாம் உன்னால் வந்த வினை. கப்பலில் தீப்பிடித்து யூமா மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, பிரிஸில்லா அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போக வேண்டியதாயிற்று. தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைகளுக்காக ஆளாளுக்குப் பெயர் சொல்லி ஜெபிப்போமே, என் முறை வந்தது. நீ போனை வைத்த நாளிலிருந்து உன் பெயரை நான் ஜெபத்தில் சொல்வதில்லை. ஆமாம், வேண்டுமென்றேதான். கண்ணை மூடி, தூரத்தில் இருக்கிற என் மகள் என்று ஆரம்பித்தேன், அந்த யூமாவுக்கு மூச்சைக் கொடும் ஆண்டவரே, அவள் நெஞ்சில் அடைத்த புகையை எடுத்துப்போடும் என்று வாயில் வந்துவிட்டது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். முடிந்ததும் பிரிஸில்லா அக்கா, ஒம் மவ பேரு ஸ்வீட்லின்லா, இது யாரு யூமா, எந்த ஆஸ்பத்திரில கெடக்கா என்று கேட்டாள். கதையில் வருகிற பிள்ளை என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஸ்வீட்லினோடு தங்கியிருக்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டேன். ஜெபம் பண்ணின வாய் ஆறுவதற்குள் பொய். இப்போது மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனாலும், அந்தப் பிள்ளைக்கு இப்பம் எப்பிடி இருக்கு என்று நிறுத்திக் கேட்கிறார்கள்.

யூமா பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவளைப் பெற்றவளுக்கு அந்த ஆசிரியர் கொடுத்தது இரண்டே வரி. அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. யூமா அதைத் திறக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை தேடினேன், திறக்கவே இல்லை. அந்தத் தாய் என்ன எழுதினாள் என்று கேட்க அந்தக் கப்பலில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பெரிய குடும்பம். என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டாயா, எப்போது வருகிறாய், வேறென்ன.

உன்னோடு இருக்கிற அந்த மூன்று பேரும் நல்ல பிள்ளைகளாகவே இருக்கட்டும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, உன்னைத்தான் சொல்கிறேன். அவர்களுடைய பெயரை எழுது, ஜெபத்தில் சொல்கிறேன், யாரென்றே தெரியாத யூமாவுக்குச் சொன்னவள்தானே. உன் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். நீ வந்து என் பக்கத்தில் முழங்கால் போடு, அன்றைக்குச் சொல்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் குளிரிலும் வழியிலும் காக்கட்டும், இதை உன் அப்பா எழுதச் சொன்னார். தலையை ஈரத்தோடு விட்டு வெளியே போகாதே, இது நான். அந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பாகம் இருக்கிறதாமே. யூமா அந்தச் செய்தியைத் திறக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தபாலில் அனுப்பாதே. கையில் கொண்டு வா.

இப்படிக்கு,
இரண்டு வரியில் அடங்காத உன் அம்மா,
இன்பமணி