வண்டியில் இருக்கிறேன்

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டியும் உடையவில்லை, நானும் உடையவில்லை. ஹாஸ்டல் அறையில் மூன்று கட்டில், ஒரே ஒரு பிளக் பாயிண்ட். போனில் பேசினால் நான் "ம், ம்" என்று மட்டும் சொல்கிறேன், அதனால் கடிதம்தான் எழுத வேண்டும் என்று நீ போட்ட கட்டளைப்படி இதோ பேனா பிடித்து எழுதுகிறேன். தபால்தலை கேட்டதற்குக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

எதிர்வீட்டு டாக்டரம்மா கேட்டார்களே, "மக்கள் தொடர்புன்னா என்ன, ஊர்ல எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டு இருக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று. ஏறக்குறைய அதுதான் என்று சொல்லிவிடு. இந்தப் பருவத்தில் சமூக ஊடகமும் இணையத் தொழில்நுட்பமும் பாடம். ஒவ்வொருவரும் ஒரு நிஜமான தொழிலுக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி நடத்த வேண்டும். என்னுடையது அத்தானின் டிரைவிங் ஸ்கூல் என்றதும் மேடம் சிரித்தார். தொண்ணூறு வீடியோ கையில் இருக்கிறது என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அத்தனையையும் ஒரே நாளில் எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெவ்வேறு நாளில் எடுத்தது போலத் தெரிய ஐந்து சட்டை. காருக்குள் உட்கார்ந்து சட்டை மாற்ற அத்தான் பட்ட பாடு. எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து ஏற்றிவிட்டேன். பத்தாம் தேதி தொடங்கி தினமும் காலை ஏழு மணிக்கு ஒன்று, தானாகவே வரும். யாராவது செய்தி அனுப்பினால் தானாகவே ஒரு பதிலும் போகும். அந்த வரியை அத்தானையே எழுதச் சொன்னேன்: "வண்டியில் இருக்கிறேன். இறங்கியதும் கூப்பிடுகிறேன்."

நீ சாப்பிடு. அத்தானை நடக்கச் சொல்.

உன்
வாலு

ஜூன் 24

என் வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இருந்தாலும் இரண்டு தடவை படித்தேன்.

உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஏழு மணிக்கு இங்கே பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அதே ஏழு மணிக்கு போனில் "கிளட்ச்சை மெதுவா விடுங்க, பதறாதீங்க" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த பெண் ஒருத்தி, "சார், நேத்து பச்சைச் சட்டையில நல்லா இருந்தீங்க" என்றாளாம். அன்றைக்கு மனுஷன் பச்சைச் சட்டையைத் தேடி பீரோவைக் கலைத்துவிட்டார். இவர் கூடவே ஸ்கூலில் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற சின்ன மாஸ்டர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய வீடியோ ஒன்றுகூட இல்லையாம்.

உன் தானியங்கிப் பதிலையும் சோதித்துப் பார்த்தேன். "சாப்பிட வருவீங்களா?" என்று போட்டேன். "வண்டியில் இருக்கிறேன். இறங்கியதும் கூப்பிடுகிறேன்" என்று வந்தது. மனுஷன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நேரில் கேட்டால் மட்டும் பதில் வந்துவிடுமா என்ன? கல்யாணமாகிப் பதினாறு வருஷம். எதைக் கேட்டாலும் ஒரே பேச்சு: "ஸ்டியரிங் உன் கையில இருக்கு. நீ சொல்லு." மெஷினே தேவலை.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். நடக்கத்தான் மாட்டேன் என்கிறார்.

அக்கா

ஆகஸ்ட் 2

வாலு,

நீ திரும்பிப் போய் ஒன்பது நாள் ஆகிறது. வீட்டில் இருந்தவரை நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன் அத்தானைக் கொண்டுபோன மறுநாள் காலை ஏழு மணிக்கு என் போனில் அவர் பேசினார். நீ அடுப்படியில் இருந்தாய். கட்டம் போட்ட சட்டை. "வளைவுல வேகத்தைக் குறைங்க" என்றார். நான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அடியிலிருந்தும் பேசினார்.

இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்வதே தப்பு. ஆறே முக்காலுக்கே முகம் கழுவி உட்கார்ந்துவிடுகிறேன். சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டேன், உனக்குத் தெரியும். கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மறுநாள் வந்து நிற்கிறார்.

சின்ன மாஸ்டர் சொன்னார்: அன்றைக்கு ஓட்டிக்கொண்டிருந்த பையனுக்கு எதுவுமே தெரியவில்லையாம். வண்டி தானாக ஓரமாக நின்றதாம், திரும்பிப் பார்த்தால் இவர் சாய்ந்திருக்கிறாராம். சொல்லிக்கொடுப்பவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதித்திருக்கிறார். மாரடைப்பிலும் பிரேக் மிதித்த மனுஷனை என்னவென்று சொல்வது.

நிறுத்திவிடாதே. இன்னும் எத்தனை இருக்கிறது என்று மட்டும் சொல். நான் செய்தியும் போட்டுப் பார்த்தேன், "எங்கே இருக்கீங்க?" என்று. வண்டியில் இருக்கிறாராம்.

அக்கா

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றோடு அறுபது முடிந்தது. இன்னும் முப்பது. கடைசி வீடியோ செப்டம்பர் ஏழாம் தேதி.

நான் அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். பொத்தான் வரைக்கும் விரல் போனது. அழுத்தினால் அத்தானை நானே இன்னொரு தடவை அனுப்பி வைப்பது மாதிரி இருந்தது. மேடம் திட்டினார். "இல்லாதவர் பேச்சைப் போட்டுக்கொண்டிருந்தால் அது மக்கள் தொடர்பு இல்லை, ஏமாற்று. முதலில் அறிவிப்புப் போடு" என்றார். போட்டேன். அதைப் படித்துவிட்டு இன்னும் அதிகம் பேர் வருகிறார்கள். அவரிடம் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கற்றவர்கள்கூட எழுதுகிறார்கள். அவர் திட்டாமல் சொல்லிக்கொடுத்ததைத்தான் எல்லாருமே எழுதுகிறார்கள்.

அக்கா, வீடியோவைப் பார். ஆனால் அந்தச் செய்திப் பெட்டியில் எழுதாதே. அந்தப் பக்கம் யாரும் இல்லை. நீ என்ன எழுதினாலும் அதே வரிதான் வரும். எனக்குப் பயமாக இருக்கிறது.

வாலு

ஆகஸ்ட் 22

வாலு,

அந்தப் பக்கம் யாரும் இல்லை என்றாயே.

ஸ்கூல் லைசென்ஸைப் புதுப்பிக்கிற தாள்கள் ஆபீஸ் பீரோவில். சாவியைக் காணோம். நான்கு நாளாகத் தேடி, கடைசியில் அவரிடமே கேட்டேன். "பீரோ சாவி எங்கே வெச்சீங்க?" என்று போட்டேன். வழக்கமான வரி வந்தது. போனை வைக்கப் போனேன். அப்போது திரையில் மூன்று புள்ளிகள் ஆடின. ஆடி நின்றன. மறுபடி ஆடின. பிறகு வந்தது: "பதறாதே. பழைய காரில் வெயில் பலகைக்குப் பின்னாடி பார்."

போய்ப் பார்த்தேன். முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற அந்தப் பலகையைக் கீழே இறக்கினதும் சாவி என் மடியில் விழுந்தது. எவ்வளவு நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

நீ மெஷின் என்பாய், தொழில்நுட்பம் என்பாய். எனக்கு எதுவும் வேண்டாம். மறுநாள் பெரிய கேள்வியைக் கேட்டேன். ஸ்கூலை வாங்கிக்கொள்கிறேன் என்று சின்ன மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஓட்டவே தெரியாத நான் இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதையே கேட்டேன். ரொம்ப நேரம் புள்ளி ஆடியது. "விக்காதே" என்றார்.

சின்ன மாஸ்டரை வரச் சொல்லி, இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. இனிமேல் உன் அத்தான் சொன்னபடிதான் எல்லாம். யாரிடமும் சொல்லாதே, பைத்தியம் என்பார்கள்.

அக்கா

ஆகஸ்ட் 29

அக்கா,

அது நான்.

உன் கடிதம் வந்து மூன்று நாளாக என் பையிலேயே இருக்கிறது. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பில்லை.

கணினி வகுப்பில் பக்கத்தின் செய்திப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். பக்கத்தின் குரல் என்று எங்களுக்கு ஒரு பாடம். யார் உட்கார்ந்து பதில் போட்டாலும் ஒரே ஆள் பேசுவது மாதிரி இருக்க வேண்டும். அதற்காக அத்தான் அடிக்கடி சொல்லும் வார்த்தைகளை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் வார்த்தை "பதறாதே". அப்போது உன் கேள்வி வந்தது. சாவி இருந்த இடம் எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து வெட்டிப் போட்ட வீடியோத் துண்டுகளில் ஒன்றில் அவர் சாவியை அங்கே செருகுகிறார். என் பெயரில் உனக்குச் சொல்லியிருக்கலாம். விரல் அந்தத் தாளைப் பார்த்து அடித்தது.

"விக்காதே" என்றதற்கு அந்தச் சாக்குகூட இல்லை. எட்டு வயதில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து நீங்கள் வளர்த்த வீடு அது. வாசலில் எல் போர்டு இல்லாத வீட்டுக்கு நான் எப்படித் திரும்பி வருவேன் என்று நினைத்தேன். ஸ்கூல் போனால் பக்கமும் போகும், என் பாடமும் பாதியில் நிற்கும் என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உடனே சின்ன மாஸ்டரிடம் பேசு. உனக்கு எது சரியோ அதைச் செய். பக்கத்தின் கடவுச்சொல்லைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இனி அது உன்னுடையது. நான் உள்ளே போக மாட்டேன். ஏழாம் தேதி வரைக்கும் வருவது அத்தானேதான். அதில் என் கை படவில்லை.

என்னைத் திட்டு, அக்கா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

வாலு

செப்டம்பர் 18

அக்கா,

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதமும் இல்லை. டாக்டரம்மாவைக் கேட்டேன், "நல்லாத்தான் இருக்கா, காலையில காரைத் துடைச்சிக்கிட்டு இருந்தா" என்றார்கள். அது போதும் என்று இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஏழாம் தேதி பார்த்தாயா? நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன்.

வாலு

அக்டோபர் 1

என் வாலுக்கு,

பார்த்தேன். ஐந்தாவது சட்டை, நீலம். பொழுது சாய்ந்து முகமே சரியாகத் தெரியவில்லை. அலுத்துப்போயிருந்தார். "கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாருங்க. பின்னாடி யாரும் வரலையே? அவ்வளவுதான். இறங்கலாம்." அப்படிச் சொல்லிவிட்டு உன்னைப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்கிறார். அதை நீ வெட்டாமல் விட்டிருக்கிறாய். எட்டாம் தேதியும் முகம் கழுவிக்கொண்டு ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். எதுவும் வரவில்லை. சாயங்காலம்வரை அழுதேன்.

உன் மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. சின்ன மாஸ்டர் காத்திருக்கவில்லை, எதிர்ச் சாரியிலேயே தனியாகத் தொடங்கிவிட்டார். நம் ஆட்களில் பாதிப்பேர் அங்கே. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் அத்தான் குரலை நினைத்துப் பார்த்தால் "விக்காதே" என்று நீ அடித்தது அவர் குரலில் கேட்கிறது. அவர் சொல்லாத வார்த்தை அது. அதை எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முழுத் தப்பையும் உன் தலையில் போட மாட்டேன். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட நேராகப் பதில் சொல்லாத மனுஷன் அது. "நீ சொல்லு" என்று வந்திருந்தால் அது அவர். "விக்காதே" என்று வந்ததுமே எனக்குச் சுருக்கென்றது. அமுக்கிக்கொண்டேன். எனக்கு அவர் வேண்டியிருந்தது.

கடவுச்சொல் போட்டு உள்ளே போனேன். டாக்டரம்மா மகள் காட்டிக்கொடுத்தாள். பெட்டி நிறையச் செய்தி. அவற்றுக்கு நடுவில் உன் பெயர். மறந்துவிட்டாயா, அழிக்க மனசு வரவில்லையா, தெரியாது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எனக்கு எழுதினவள், எனக்கும் முன்னாடியே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய்.

ஜூலை இருபத்தாறு: "அத்தான், கிளாசுக்குப் போகப் பிடிக்கலை." வண்டியில் இருக்கிறேன். ஆகஸ்ட் பத்து: "அத்தான், அக்கா உங்களுக்கு எழுதறா. எனக்குப் பயமா இருக்கு." வண்டியில் இருக்கிறேன். ஆகஸ்ட் இருபத்தாறு: "அத்தான், அக்காகிட்ட உங்க குரல்ல பொய் சொல்லிட்டேன். என்ன செய்யட்டும்?" வண்டியில் இருக்கிறேன், இறங்கியதும் கூப்பிடுகிறேன். எண்ணினேன், நாற்பத்தொரு செய்தி. நாற்பத்தொரு தடவையும் அதே வரி.

கடைசியாக நேற்று எழுதியிருக்கிறாய்: "அத்தான், அக்கா இனிமே எங்கூடப் பேச மாட்டாளா?"

எனக்கும் பதில் போடக் கை போனது, வாலு. "பதறாதே, பேசுவா" என்று அடித்தும்விட்டேன். உனக்கும் அங்கே மூன்று புள்ளி ஆடியிருக்கும். நீ பார்த்தாயோ என்னவோ. அனுப்பப் போகும்போதுதான் உனக்கு எப்படி விரல் போனது என்று தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழித்துவிட்டு இந்தத் தாளை எடுத்து என் பெயரில் எழுதுகிறேன்.

ஸ்கூலை விற்கவில்லை. இதை நான் சொல்கிறேன், வேறு யாரும் சொல்லவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்கொடுப்பவர் உன் அத்தானிடம் கற்ற ஒரு அம்மா. அவர் உட்காரும் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்து, அந்த பிரேக்கில் காலை வைத்துக்கொள்கிறார். இரண்டு நாள் எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தத் தானியங்கிப் பதிலை மட்டும் எங்கே நிறுத்துவது என்று டாக்டரம்மா மகளுக்கும் தெரியவில்லை. லீவு விட்டதும் வந்து நீ நிறுத்து. நிறுத்தும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்
அக்கா