யார் வீட்டுப் பஞ்சு

செப்டம்பர் 8, ஞாயிறு

புது வீட்டுக்கு வந்தபின் முதல் பெரிய மழை. கூரை ஒழுகவில்லை, அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் மாடியில் பின்பக்கம் மகளின் அறை ஜன்னலைத் திறந்தால் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி சூடான ஈரக்காற்று முகத்தில் அடிக்கிறது. ஜன்னலை ஒட்டிச் சுவரில் ஒரு தகரக் குழாயின் வாய். அதன் மேல் சன்னமான கம்பி வலை. வலையில் தாடி வளர்ந்ததுபோல் துணிப் பஞ்சு. காற்று வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து அவள் படுக்கையில் விழுகிறது.

அவளுக்கு ஐந்து வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே மூச்சிரைப்பு. பழைய வீட்டின் ஈரச் சுவர் ஆகாது என்றுதான் இதையே வாங்கினோம். ஒட்டு வீடு. நடுவில் ஒரே சுவர், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும். ஆளின் வயிற்றைப் பார்த்த அன்றே பீப்பாய் என்று பெயர் வைத்துவிட்டேன். இரண்டு வீட்டிலும் மாடியில் துணி உலர்த்தும் டிரையர் இருக்கிறது. இரண்டு வீடும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் துவைக்கிறது.

இந்தக் காற்று யாருடையது? எங்களுடையதாக இருக்க முடியாது. எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

செப்டம்பர் 11, புதன்

கட்டடக் கம்பெனியின் மேற்பார்வையாளனை ஒருவழியாகப் பிடித்து இழுத்து வந்தேன். மாடிக்குக்கூட ஏறவில்லை. போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜன்னல் பக்கம் இருக்கறது அடுத்த வீட்டோடது சார். உங்களோடது கூரை வழியா மேல போகுது" என்றான்.

"நேர்ல பார்த்தீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"எல்லா வீடும் ஒரே மாதிரிதாங்க."

எனக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. "பார்க்காமலே அடிச்சு விடறான்" என்று முணுமுணுத்தாள். சிலருக்குச் சந்தேகப்படுவதே பிழைப்பு.

செப்டம்பர் 15, ஞாயிறு

பீப்பாயிடம் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "உங்க டிரையர் காத்து எங்க பொண்ணு ரூமுக்குள்ள வருது. குழாயைத் திருப்பி வைங்க."

"அது எங்களோடது இல்ல தம்பி. எங்களோடது மேல போகுது. நானே ஏறிப் பார்த்தேன்."

"எங்களோடதுதான் மேல போகுது. கம்பெனிக்காரனே சொல்லிட்டான்."

"அவன் சொன்னா ஆச்சா? உங்க மெஷினைப் போட்டுட்டு ஜன்னல்ல கை வெச்சுப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷ வேலையாம். எனக்குப் பாடம் எடுக்கிறான். நான் பட்டறையில் தகரம் அடித்துச் சோறு தின்கிறவன். லாரியில் மோதி அப்பளமான காரையெல்லாம் அடித்து நிமிர்த்தி அனுப்புகிறவன். ஒரு தகரக் குழாய் எங்கே போகிறது என்று பஸ் ஓட்டுகிறவன் எனக்குச் சொல்ல வேண்டுமா? திரும்பி வரும்போது அவன் வீட்டு கேட்டை ஓங்கி ஓர் உதை விட்டேன். மேல் கீல் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. உள்ளே அவன் மனைவி ஏதோ கத்தினாள். மனசு கொஞ்சம் ஆறியது.

கை வைத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

செப்டம்பர் 16, திங்கள்

ஒரு கார்க் கதவை நிமிர்த்த எடுத்து, நிமிர்ந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். முதலாளி வந்து சுத்தியலைப் பிடுங்கினார். "கார் உன்னை என்னய்யா பண்ணுச்சு?"

செப்டம்பர் 21, சனி

மகளுக்கு இழுப்பு. விலா எலும்பு உள்ளே போய் வெளியே வருகிறது. மருந்தை உறிஞ்ச வைத்து, மடியில் சாய்த்து, ஒருவழியாகத் தூங்கினாள். அவள் தலைமுடியில் பஞ்சு. எடுக்க எடுக்க வந்தது. அந்தப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போய்க் குளத்தில் தள்ள வேண்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் மனைவி இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் நீட்டினாள். இரண்டிலும் நீலப் பஞ்சு.

"இது ஜன்னல் வலையில எடுத்தது. இது நம்ம மெஷின் வடிகட்டியில எடுத்தது. நம்ம புதுப் போர்வை நீலங்க. அவங்க வீட்டுல நீலமா ஒண்ணுமே கிடையாது. நான் போய்ப் பார்த்துட்டே வந்தேன்."

"அவன் வீட்டுக்குப் போனியா?"

"கோபப்படாம பாருங்க. ரெண்டும் ஒரே—"

கையைத் தட்டிவிட்டேன். அவள் மறுபடியும் பொறுக்கி எடுத்து நீட்டினாள். அப்போதுதான் தள்ளினேன். முழங்கை டிரையரின் முனையில் இடித்துக் கிழிந்தது. வெள்ளை மெஷினில் ரத்தம் கோடாக இறங்கியது. நிமிர்ந்தால் வாசற்படியில் மகள், மருந்துக் குழலைக் கையில் பிடித்துக்கொண்டு.

அடிக்க நினைக்கவில்லை. தள்ளத்தான் செய்தேன். தள்ளுவதற்கும் அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இருக்கிறதா?

செப்டம்பர் 22, ஞாயிறு

மகள் இன்று தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 26, வியாழன்

வலது கண் மூடிக்கொண்டுவிட்டது. ஒற்றைக் கண்ணோடு எழுதுகிறேன்.

வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் ஏணி. ஏணியின் மேல் பீப்பாய். என் மகளின் ஜன்னலருகே நின்றுகொண்டு, வலையை ஒரு பக்கம் நெம்பிவிட்டு, குழாய்க்குள் நீளமான ஒரு பிரஷ்ஷை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஏணியின் காலை உருவினேன்.

பூந்தொட்டிகளின் மேல் விழுந்தான். எழுந்திருக்க விடாமல் மேலே பாய்ந்தேன். ஆள் பெருத்தவன், ஆனால் கை இரும்பு. பிரஷ்ஷின் கட்டையால் என் புருவத்தைப் பிளந்தான். நான் அவன் வாயில் குத்தினேன், ஒருமுறை அல்ல. முன்பல் என் விரல் முட்டியில் ஏறி நின்றது. சேற்றில் இரண்டு பேரும் புரண்டோம். அவன் மனைவி ஒரு வாளித் தண்ணீரை எங்கள் மேல் ஊற்றினாள், தெருநாய்களைப் பிரிப்பதுபோல.

"உன் வீட்டுக்காரிதான்டா சுத்தம் பண்ணித் தரச் சொன்னா" என்றான், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "குழந்தைக்காகச் சொன்னா. உள்ள பஞ்சு அடைச்சுக் கிடக்கு. பத்திக்கும்டா அது."

மனைவி சமையலறைக் கதவருகே நின்றாள். ஆமாம் என்று தலையாட்டினாள். என் மனைவி, என் வீட்டுக் கதையை அவனிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவனைவிட அவள் மேல்தான் ஆத்திரம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று.

பட்டறையிலிருந்து ஒரு டப்பா பட்டி கொண்டு வந்திருந்தேன். காரில் பள்ளம் விழுந்த இடத்தை நிரப்புகிற பசை. பிசைந்து பூசினால் டீ குடித்து முடிப்பதற்குள் கல்லாகிவிடும். ஏணி போட்டு ஏறினேன். வலையைப் பிடுங்கி எறிந்தேன். குழாய்க்குள் பழைய சாக்கைத் திணித்தேன், முழங்கை போகிற ஆழம். மேலே வட்டமாக வெட்டிய தகரம், அதன் மேல் பட்டி. விளிம்பையெல்லாம் கட்டைவிரலால் இழைத்தேன். வேலை என்றால் வேலை. இனி சுத்தியலால் உடைத்தால்தான் உண்டு.

பீப்பாயின் துணி இனி ஈரமாகவே நாறட்டும். அந்த மெஷின் வெடித்து அவன் மூஞ்சியில் விழட்டும்.

இறங்கும்போது பாட்டு வந்தது. பாடி எத்தனை நாள் ஆயிற்று.

அக்டோபர் 1, செவ்வாய்

ஜன்னலில் காற்றே இல்லை. பஞ்சு இல்லை. மகள் நன்றாகத் தூங்குகிறாள். சுவரின் அந்தப் பக்கம் அவன் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஓட்டுடா, நன்றாக ஓட்டு.

மனைவி ஏதோ குறை சொல்லிக்கொண்டே இருக்கிறாள். துணி காயவில்லையாம், இரண்டு தடவை போட வேண்டியிருக்கிறதாம். "மெஷின் மேல கை வைக்க முடியல, அப்படிக் கொதிக்குது. கண்ணாடியெல்லாம் வேர்க்குது. யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க." ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத மெஷினுக்கு என்ன வந்துவிடும்? துணியை அளவு தெரியாமல் அமுக்கியிருப்பாள்.

என் விரலையே பார்த்தாள். "நகத்துல என்ன?"

"பட்டறையில ஒட்டினது" என்றேன். அதுவும் உண்மைதான்.

அக்டோபர் 3, வியாழன்

வீடு எரிந்துவிட்டது. குழந்தை உயிரோடு இருக்கிறாள்.

அக்டோபர் 5, சனி

ஆஸ்பத்திரி பெஞ்ச். நடந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மகளுக்கு மறுபடியும் இருமல். மருந்து தீர்ந்திருந்தது. அவள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, ஈரத் துணியை மெஷினில் போட்டுவிட்டு, மனைவி தெருமுனைக் கடைக்கு மருந்து வாங்க ஓடியிருக்கிறாள். போய் வருகிற நேரம்தான். அதற்குள் மாடி பற்றிக்கொண்டது.

டிரைவர் வீட்டில் இருந்தார். பல்லுக்காக விடுப்பு. நான் உடைத்த பல்லுக்காக. புகை வாடை வந்ததும் எங்கள் சமையலறைக் கண்ணாடியைக் கையாலேயே உடைத்து உள்ளே போயிருக்கிறார். மகளின் அறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. இப்போதெல்லாம் அவள் அப்படித்தான் தூங்குகிறாளாம். எனக்குத் தெரியாது. கைப்பிடி பழுத்துக் கிடந்தது. அதைப் பிடித்தே உலுக்கிக் கதவைப் பெயர்த்திருக்கிறார். குழந்தையைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கியபோது, உள்ளங்கைத் தோல் கைப்பிடியிலேயே இருந்தது என்று தீயணைப்புக்காரன் ஒருவன் சொன்னான்.

கண்ணாடிக்குப் பின்னால் மகள். வாயில் குழாய். இந்தக் குழாய் சுத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

தீயணைப்பு அதிகாரி ஒல்லியான ஒரு பெண். கரிந்த சுவரைப் பெயர்த்துக் காட்டினார். எங்கள் டிரையரின் முதுகிலிருந்து புறப்பட்ட குழாய், நாலு இடத்தில் மடங்கி, நேராக அந்த ஜன்னலோர வாயில்தான் போய் முடிந்தது. கூரைப் பக்கம் ஒன்றுமே போகவில்லை.

"பிஸ்கட் பாக்கெட் காகிதம் மாதிரி குழாய் போட்டிருக்காங்க. கெட்டித் தகரம் போட்டிருக்கணும். இத்தனை மடிப்பு ஆகாது. ஒவ்வொரு மூட்டுக்கும் திருகாணி முடுக்கி, அதோட மூக்கு உள்ள நீட்டிட்டு இருக்கு. பஞ்சு வந்து மாட்டி மாட்டித் திண்டு மாதிரி ஆயிருக்கு. வாயில வலை போட்டிருந்த ஆணி ஓட்டையும் இருக்கு, வலையே போடக் கூடாது. புது வீடுன்னு யாரும் திறந்து பார்க்கறதே இல்ல. இது என்னைக்காவது மக்கர் பண்ணியிருக்கும்." கையிலிருந்த வெள்ளைக் கட்டியைத் திருப்பினார். "ஆனா அன்னைக்கே எரிஞ்சதுக்குக் காரணம் இது. வாயை அடைச்சது யாரு?"

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"கார் பட்டிங்க அது" என்றாள் என் மனைவி. அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. "இவர் நகத்துல இன்னும் இருக்கு. பாருங்க."

அதிகாரி என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அக்டோபர் 9, புதன்

டிரைவர் படுத்திருந்தார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கட்டு. அவர் மனைவி ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அடைச்சேன்" என்றேன். "உங்களோடதுன்னு நினைச்சு."

"தெரியும்" என்றாள். "எங்க வீடா இருந்தா எரியலாம், அப்படித்தானே?"

அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். பிறகு கணக்கில்லாமல், தோள், முகம், தலை, பட்ட இடத்திலெல்லாம். புருவத்தில் ஆறிக்கொண்டிருந்த காயம் மறுபடி பிளந்தது. "ரெண்டு நிமிஷம் கை வெச்சுப் பார்க்கச் சொன்னாரே. அந்தக் கை இப்ப ஸ்டியரிங் பிடிக்குமான்னு கேட்டா டாக்டரே வாயைத் திறக்க மாட்டேங்கறாரு." என் கை இரண்டும் என் பக்கத்திலேயே தொங்கின. வாழ்க்கையில் அடி வாங்கிக்கொண்டு சும்மா நின்றது இதுதான் முதல் தடவை.

"போதும் விடு" என்றார் டிரைவர். பல் போன இடத்தில் காற்று வந்தது. "பொண்ணு முழிச்சிட்டாளா?"

முழிச்சிட்டா என்றேன்.

"அப்போ அங்க போங்க. இங்க எதுக்கு நிக்கறீங்க."

மகளிடம் போனேன். ரத்தத்தோடு என்னைப் பார்த்ததும் அவள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மனைவி சொன்னாள்: "அக்கா வீட்டுக்குப் போறோம். நீங்க வர வேண்டாம்."

அக்டோபர் 20, ஞாயிறு

வழக்கு பதிவாகிவிட்டது, ஜாமீனில் இருக்கிறேன். மேற்பார்வையாளன் பெயரும் அதில் இருக்கிறது, என் பெயருக்குக் கீழே. அவனைக் கண்டால் கழுத்தைப் பிடிப்பேன் என்று நினைத்திருந்தேன். ஸ்டேஷனில் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். பிடிக்கவில்லை. எனக்கும் அவனுக்கும் என்ன பெரிய வித்தியாசம், அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

எரிந்த மாடியைப் பூசி, புது டிரையரும் வாங்கியாயிற்று. கெட்டித் தகரத்தை நானே வெட்டி, உருட்டி, குழாய் செய்தேன். ஒரே ஒரு மடிப்பு. உள்பக்கம் திருகாணி இல்லை, மூட்டுகளில் உலோக நாடா. வாயில் வலைக்குப் பதில் காற்று வந்தால் தானே திறக்கும் மூடி. போன வாரம் டிரைவர் வீட்டுக் கூரையில் ஏறி அவர்கள் குழாயையும் சுத்தம் செய்தேன். அதிலும் பஞ்சு பாதி அடைத்திருந்தது. அவர் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏணியை உருவவில்லை.

இன்று மனைவி வந்தாள், ஒரு பை நிறைய ஈரத் துணியோடு. அக்கா வீட்டு மெஷின் பழுது என்றாள். நான் நம்பவில்லை, கேட்கவும் இல்லை. மகள் கேட்டிலிருந்தே நேராக அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். டிரைவர் மாமாவுக்கு இன்னும் விரல் மடங்கவில்லை, அவள்தான் பிஸ்கட்டை டீயில் தோய்த்து ஊட்டுவாளாம்.

மனைவி புது மெஷினைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். கையை வெளியே நீட்டிக் குழாய் வாயின் முன்னால் பிடித்தாள். முழங்கைத் தழும்பு தெரிந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"வருது" என்றாள்.

முடிந்ததும் வடிகட்டியை உருவி, மஞ்சள் பஞ்சை வழித்து என் உள்ளங்கையில் வைத்தாள். "ஒவ்வொரு தடவையும் எடுக்கணும்." சரி என்றேன். நான் கீழே போய்க் குப்பையில் போட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன். அவள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு இறங்கி, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பிறகுதான் மாடிக்கு ஏறினேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த என் அழுக்குப் பட்டறைச் சட்டையைக் காணவில்லை. அவள் எடுத்து அலசி, தன் துணியோடு மெஷினில் போட்டிருக்கிறாள். காய்ந்ததும் கையை உள்ளே மடக்கி, சதுரமாக மடித்து, மெஷின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.