மூன்று மணிக்குப் படுக்க ஓர் ஆள்

அப்பா,

எட்டு நாளாக நீங்கள் உங்கள் மகனோடு பேசுவதில்லை. அதனால் அவன் சார்பில் இதை எழுதிவைக்கிறேன். சோறு குக்கரில், நெத்திலி சம்பல் மூடியின் கீழ்.

அவன் சேர்ந்த தாதியர் உதவியாளர் பயிற்சியைப் பற்றி, “ஆம்பள செய்யுற வேலையாடா இது? வெக்கமா இருக்குலா” என்றீர்கள். அன்றிலிருந்து, நீங்கள் லோரியை நிறுத்திவிட்டு வந்து மதியம் தூங்கும்போது, அவன் உங்கள் கையில்தான் பாடம் படிக்கிறான். நேற்று நாடி எண்ணினான். அறுபத்தெட்டு. ஜன்னல் துணி மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது. அறையே தண்ணீருக்குள் மிதப்பது போலிருந்தது. எண்ணி முடித்தும் அவன் கையை விடவில்லை. “குளுருதுடா, போர்த்து” என்றீர்கள், தூக்கத்தில். அந்த ‘டா’ தனக்குத்தான் என்று நம்புகிறான்.

இன்று மூன்று மணிக்கு ஈப்போவில் செய்முறைத் தேர்வு. படுத்திருப்பவரைப் புரட்டித் துடைத்து, சட்டை மாற்ற வேண்டும். நோயாளியாகப் படுக்க ஆளை அவரவர் வீட்டிலிருந்துதான் கூட்டிவர வேண்டும். ஆள் இல்லையென்றால் தேர்வும் இல்லை. கூடப் படிக்கும் பெட்ரீசியா அக்கா மாமியாரைக் கூட்டி வருகிறாராம்; சண்டை போட்டுக்கொண்டிருந்த அவர்களே சமாதானமாகிவிட்டார்கள்.

வாங்கப்பா. நோயாளி பேச வேண்டும் என்று விதி இல்லை, விசாரித்துவிட்டான்.

மாற்றுக் கைலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே தூங்கிப்போனாலும் பரவாயில்லை, புரட்டுவதையும் துடைப்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.