பாயின் இன்னொரு முனை

அன்புள்ள அப்பாவுக்கு, மிசுஸு வணக்கத்துடன் எழுதுவது.

நம் ஊர் ஹாகியில் குளிர் விட்டதா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கமகுராவில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே கடற்கரையிலேயே கொப்பரை வைத்துக் கடற்பாசியை வேகவைத்து, துணி காயப்போடுவதுபோல் கிளிப் மாட்டித் தொங்கவிடுகிறார்கள். நானோ முதல் நாள் பழக்கதோஷத்தில், நம் வீட்டைப்போலப் பச்சையாகவே பாயில் பரப்பிவிட்டேன்.

“என்னடி, பாசியைப் படுக்கப்போட்டுத் தாலாட்டுப் பாடுறியா?” என்றார் முதலாளியம்மா தோகிகோ. கடற்கரையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், கவலைப்படாதீர்கள்.

காய்ந்ததை வாட்டி, சோற்றில் நொறுக்கிப் போட்டு அவருக்குக் கொடுத்தேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “யாருகிட்டடி கத்துக்கிட்டே?” என்று கேட்டார்.

“எங்கப்பாகிட்ட. இப்ப அவரு மட்டும்தான் அங்கே காயப்போடுறாரு.”

“தனியாவா? திடீர்னு மழை வந்தா பாயோட இன்னொரு முனையை யாரு தூக்குறாங்க?”

நான் கிண்ணத்தைக் கழுவ எடுத்துப்போனேன்.

என் பழைய ரப்பர் கையுறையை அனுப்புங்கள். இங்கே தருவது பெரிதாக இருக்கிறது. நீங்கள் காயவைத்த பாசியில் இரண்டு தாள் வையுங்கள். ஒன்று முதலாளியம்மாவுக்கு, மற்றதை நான் சாப்பிடப் போவதில்லை, வைத்துக்கொள்வேன்.

கொப்பரை கொதிக்கிறது, கூப்பிடுகிறார்கள். என் முனையை யார் பிடிக்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள், அப்பா. யாரும் இல்லையென்றால், அதையும் எழுதுங்கள்.

மிசுஸு